சென்சார் மாமாவும் முகமூடிப் பேயும்

முத்தத்துக்கு அவரளவு அஞ்சிய மனிதர் ஒஸ்லோ நகரத்தில் வேறு எவரும் இருந்திருக்க முடியாது. எல்லிங்ஸ்ருட் பகுதியில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்த அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் சென்சார் மாமா.

தமிழ் வகுப்பு, நடன வகுப்பு என்று சனிக்கிழமைகளில் ஓடித்திரியும் பிள்ளைகளுக்காக, ஓர் அமெரிக்கப் பள்ளிக்கூடத் தொடரை வீடியோ நாடாவில் பதிந்து கொடுப்பது அவருடைய தொண்டு. திரையில் இரண்டு முகங்கள் ஒரு சாணுக்குள் நெருங்கினால் பதிவை நிறுத்திவிடுவார். கூடவே தன் கண்ணையும் இறுக மூடிக்கொள்வார். முத்தம் முடிந்ததை, சமையலறை வாசலில் நிற்கும் மாமிதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"முடிஞ்சுதே?"

"இன்னும் இல்லை, பொறுங்கோ... ஓம், இப்ப விடுங்கோ."

பெற்றோர் நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

நோர்வே மொழியையும் மாமா அந்தத் தொடரின் அடியில் ஓடும் எழுத்தைப் படித்தே கற்றார். ஒருமுறை வேலைக்குப் பிந்தி வந்ததற்கு மேலாளர் காரணம் கேட்க, "உனக்கு என்னை ஒருநாளும் விளங்காது!" என்று பதினாறு வயதுப் பெண்ணின் நோர்வே மொழியில் கத்திவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினாராம். மேலாளர் பின்னால் ஓடிவந்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்தாராம்.

அந்த ஹாலோவீன் பகுதி ஒளிபரப்பான ஆண்டு 2004 என்பது என் கணக்கு. 2005 என்கிறார் மனைவி. அக்டோபரின் கடைசி வாரம் என்பதில் தகராறு இல்லை. இனிப்புக் கேட்டு வந்த குட்டிப் பேய்களுக்கு மாமா சுடச்சுட உளுந்து வடை கொடுத்த வாரம் அது.

கதாநாயகியின் வாசலில் பூ வைத்துவிட்டு ஓடும் முகமூடிப் பேய் யார் என்பது அன்று தெரிய வேண்டும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வேறு பேச்சே இருக்காது. என் மகள் நாடாவைப் போட்டாள். திரையில் பேய் கதாநாயகியை நெருங்கியது. முகமூடியில் அவள் கை வைத்தாள். அடுத்த கணம், நடித்தவர்களின் பெயர்கள் ஓடின.

கண்ணீரோடு மாடியேறியவளின் பின்னால் நானும் போனேன்.

"ஹெர்ரெகுட், கடவுளே! மாமா, ஆர் அந்தப் பேய்?"

"எனக்கெப்பிடித் தெரியும் பிள்ளை? நான் கண்ணை மூடியெல்லோ இருந்தனான்!"

எல்லோரும் மாமியைப் பார்த்தோம்.

"நான் ஒண்டும் பாக்கேல்லை," என்றார் மாமி, முகம் சிவக்க.

"பாக்காமலே பொறுங்கோ, பொறுங்கோ எண்டனீர்? பிள்ளை அழுகுது. சொல்லுமப்பா."

"இவை எல்லாருக்கும் முன்னாலையோ? உங்களுக்கென்ன விசரே?"

மாமா எழுந்துபோய்க் கட்டில் விரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்து நின்றார். "நான்தான் பேய். வாயாலை சொல்ல வெக்கமெண்டால் செய்து காட்டும்."

மாமி தயங்கித் தயங்கி அருகே வந்தார். "பக்கத்து வீட்டுப் பெடியன்தான் பிள்ளை. எந்த நேரமும் அவளோடை சண்டை பிடிக்கிறவன்."

"எனக்குத் தெரியும்!" மகள் துள்ளினாள். "பிறகு, மாமி?"

"பிறகு... இப்பிடித் தூக்கிப் பாத்தவள்."

விரிப்பு உயர்ந்தது. உள்ளே மாமா, ஒரு சாண் தூரத்தில், பழக்கதோஷத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதே?"

மாமி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் இல்லை," என்றார். "பொறுங்கோ."