பரவால்லீங்க அண்ணனின் ஹீட்டர் மோட்டார்

ஊட்டி காந்தலில் எனக்குக் கீழ்வீட்டில் குடியிருந்த பரவால்லீங்க அண்ணனைப் போல் குறை சொல்லத் தெரியாத மனிதர் நீலகிரி மாவட்டத்திலேயே கிடையாது. கோயமுத்தூரையும் சேர்த்துக்கொண்டு தேடினாலும் கஷ்டம்தான். அவருடைய அப்பா அவிநாசிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். அந்தப் பக்கத்து மரியாதை மொத்தத்தையும் மகன் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் "பரவால்லீங்க." கடைசியில் அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம், நான் பார்த்ததில்லை.

முப்பது வருஷம் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டியவர். குன்னூர் வளைவொன்றில் பின்சீட்டுக் குழந்தை அவர் முதுகிலேயே வாந்தி எடுத்துவிட்டதாம். குழந்தையின் அம்மா பதறிப்போக, இவர் திரும்பாமலே, "பரவால்லீங்க, குளிருக்கு வெதுவெதுன்னுதானுங்க இருக்குது" என்றாராம். இன்னொரு முறை பல் டாக்டர் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார். "பரவால்லீங்க, அதும் ஒரு நாளைக்குப் போறதுதானுங்களே" என்று டாக்டருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தவர் நம் ஆள்.

அவர் மனைவிக்கு வீசிங். ஊட்டிக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், இரண்டு வருஷமாகத் திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தார். "வண்டியில ஹீட்டர் ஓடுச்சுன்னா ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போறனுங்க" என்று போனில் சொல்லியிருந்தார். அண்ணனின் பழைய காரிலோ, சூட்டை உள்ளே தள்ளுகிற ஹீட்டர் மோட்டார் செத்துக் கிடந்தது. இந்த மாடலுக்கு ஸ்பேர் கிடைக்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். நான்தான் ஆன்லைனில் துழாவி ஆர்டர் போட்டுக் கொடுத்தேன்.

மோட்டார் வந்தது. மாட்டி, சுவிட்சைப் போட்டார்கள். கிரைண்டரில் கல் மாட்டிக்கொண்டது போல் தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். காற்று மட்டும் துளிகூட இல்லை.

"எப்படிங்கண்ணா இருக்கு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"பரவால்லீங்க தம்பி. சத்தம் நல்லாக் கேக்குதுங்க."

திருப்பி அனுப்பப் பத்து நாள் கெடு. பணம் வந்தால்தான் வேறு மோட்டார் வாங்க முடியும், மோட்டார் வந்தால்தான் மனைவி வருவார். அன்றைக்கே அண்ணனின் போன் நம்பரைக் கொடுத்துப் புகார் பதிவு செய்தேன். மூன்றாம் நாள், 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, மகிழ்ச்சி' என்று செய்தி வந்தது. மறுபடி பதிவு செய்தேன், மறுபடி தீர்த்தார்கள். மூன்றாவது தடவையும் அதே மகிழ்ச்சி. எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஒன்பதாம் நாள் காலை மாடிப்படி இறங்கும்போது அண்ணன் போனில் பேசிக்கொண்டிருந்தார். கஸ்டமர் கேர் பெண் பேசுவது எனக்கே கேட்டது. "ஸ்பேர் இப்ப எப்படி சார் இருக்கு?" என்றது குரல்.

"பரவால்லீங்க" என்றார் அண்ணன்.

"ரொம்ப தேங்க்ஸ் சார், கம்ப்ளெய்ன்ட்டை க்ளோஸ் பண்ணிடறேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மெட்ராஸ் பெண்ணுக்கு அந்தச் சொல் திருப்தி. அண்ணனுக்கோ அது வெறும் வணக்கம்.

"நல்லா இல்லைன்னு சொல்லுங்கண்ணா!"

"அதெப்படீங்க தம்பி? பாவம், அந்தப் புள்ள அத்தன மரியாதையாக் கேக்குது."

உடனே மறுபடி புகார் பதிவு செய்தேன். பத்தாம் நாள் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அதே பெண், அதே கேள்வி. அந்த ஊட்டிக் குளிரில் அண்ணனுக்கு நெற்றி வேர்த்தது. "பர..." என்று உதடு குவிந்தது. தொடையில் கிள்ளினேன்.

"நல்லா... இல்லீங்க" என்றார். உடனே, "தப்பா எடுத்துக்காதீங்க அம்மிணி" என்று சேர்த்துக்கொண்டார்.

"என்ன ப்ராப்ளம் சார்?"

"காத்து வர்றதில்லீங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாழ்நாளில் முதல்முறையாகத் திறந்த வாய் மூடவில்லை. "ஊட்டுலயும் நல்லா இல்லீங்க அம்மிணி. ஊட்டுக்காரம்மா இல்லாம ரெண்டு வருசமாச்சுங்க. பொழுதுக்கும் பேச ஆளில்லீங்க. ரேடியோக்காரன் வணக்கம்னு சொன்னா நானும் திருப்பிச் சொல்லிப்போடறனுங்க. சோறு தின்னா ருசி தெரிய மாட்டீங்குது. ஒண்ணுமே நல்லா இல்லீங்க."

மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், "ரிட்டர்ன் போட்டுட்டேன் சார்... உடம்பைப் பாத்துக்கோங்க" என்றது.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தினமும் படியிறங்கும்போது "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் ஒற்றைச் சொல்லை வாங்கிக்கொண்டு போனவன்தானே நான்? கம்பெனி புகாரை நாலு தடவைதான் மூடியது. நான் இரண்டு வருஷமாக மூடிக்கொண்டிருந்தேன்.

பணம் திரும்பி வந்தது. வேறு மோட்டார் வாங்கி மாட்டினோம். சத்தமே இல்லாமல் சூடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியைத் துடைத்து, முன்சீட்டில் புதுத் துண்டு விரித்து, அண்ணன் திருப்பூருக்குக் கிளம்பினார்.

திங்கட்கிழமை காலை வண்டி வாசலில் நின்றது. முன்சீட்டுத் துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. அண்ணன் மட்டும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா வரலீங்களாண்ணா?"

"டாக்டர் விடலீங்க தம்பி. வண்டிக்குள்ள சூடு இருந்தா மட்டும் போதுமா, எறங்குனா குளிருதானேன்னு கேட்டாருங்க. அத நாம யோசிக்கவே இல்லீங்களே."

அவர் குனிந்து என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"செத்த உக்காருங்க தம்பி. உள்ள கதகதப்பா இருக்குதுங்க."

ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே மூடுபனியில் தெரு தெரியவில்லை. நான் ஆபீசுக்குப் போகிற எட்டரை பஸ் போனது, ஒன்பது மணி பஸ்ஸும் போனது. அந்த மனிதரைத் தனியாக விட்டுவிட்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை.