சர்க்கரையை ஒளித்த இலை

கொச்சி மட்டாஞ்சேரியில் பச்சையாக முளைத்த எதுவும் சாறு அண்ணனின் வயிற்றைப் பார்க்காமல் தப்பியதில்லை. தேனிக்காரர். மசாலாக் கிடங்குகளுக்கு எதிரே சாயாக்கடை வைத்திருந்தார். விற்றது சாயா, உயிர் மட்டும் பச்சிலைச் சாறுகளில்; அதனால்தான் அந்தப் பெயர்.

யாராவது வயிறு சரியில்லை என்றால் சட்டென்று மருந்து சொல்லிவிடமாட்டார். முதலில் தானே ஏழு நாள் குடித்துப் பார்த்து, பலனைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவார். வெந்தய வாரத்தில் அவர் சட்டையே வெந்தயமாக மணந்தது. வாழைத்தண்டு வாரத்துக்குக் குறிப்பு: "குடல் பளிங்கு." நிலாவரை வாரத்துக்கு ஒரே சொல்: "ஓடினேன்." மற்ற ஆறு நாட்களும் வெற்றுத்தாள்.

நான் களமசேரியில் உணவு வேதியியல் படிப்பவள். பஸ்ஸுக்குக் கிளம்பும் என்னை வழிமறிப்பார். "பாப்பா, சீரகம் குடலுக்குள்ள போய் என்ன பண்ணுது? உங்க புக்குல போட்டிருக்கா?" போட்டிருப்பதைச் சொன்னால் என் வாத்தியாரைவிடக் கவனமாகக் கேட்பார்.

இத்தனை இலை தின்றவருக்குச் சர்க்கரை நோய். கால் கட்டைவிரலில் ஒரு புண், ஒரு மாதமாக ஆறவில்லை. இப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் எச்சரித்து மாத்திரை கொடுத்திருந்தார். அட்டை பிரிக்காமல் பால் பாத்திரத்துக்குப் பின்னால் கிடந்தது.

"அண்ணே, மாத்திரைய போடுங்க."

"எதுக்கு? நாளையிலருந்து சிறுகுறிஞ்சான் வாரம். வெறும் வயித்துல இலைய மென்னா சர்க்கரைய கொன்னுபுடும் பாரு."

மறுநாள் காலை, கிடங்குக்குப் போகவேண்டிய பெரிய கெட்டிலை ருசி பார்த்தார். இனிப்பே இல்லை. சர்க்கரை போட்டார். மறுபடி ருசித்தார். மறுபடி போட்டார். டப்பா காலியானது.

சுமைதூக்கும் சேட்டன் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அண்ணா, இது சாயாவா, பாயசமா?"

"கிண்டல் பண்ணாதீங்க சேட்டா. சப்புன்னு இருக்கு!"

நான் குடித்துப் பார்த்தேன். உதடுகள் ஒட்டிக்கொண்டன. "அண்ணே, எத்தனை இலை மென்னீங்க?"

"பத்து."

"அந்த இலையை மென்னா கொஞ்ச நேரம் நாக்குக்கு இனிப்பு தெரியாதுண்ணே. சர்க்கரை எங்கயும் போகல. உங்களுக்குத் தெரியல, அவ்ளோதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து, துணி சுற்றிய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உடம்புக்குள்ள இருக்கிற சர்க்கரையும் எனக்குத் தெரியாமத்தான் இருக்கும்ல, பாப்பா?"

பால் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்தார். காலண்டர் தாளில் அன்றே எழுதினார்: "மாத்திரை. முதல் நாள். வயிறு சும்மா இருக்கு." ஏழு நாளோடு நிறுத்தவிடாமல் டாக்டரும் நானும் மாறிமாறிக் காவல் இருந்தோம். புண் ஆறியது, விரல் தப்பியது.

ஆனால் தன் நாக்கின் மேல் மட்டும் அவருக்கு நம்பிக்கை திரும்பவில்லை. "நீ குடிச்சுச் சொன்னாத்தான் கெட்டில் வெளிய போகும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் தினமும் முதல் பஸ்ஸைத் தவறவிடுகிறேன். இரண்டாவது பஸ்ஸும் களமசேரிக்குத்தானே போகிறது.