செபஸ்தியாருக்குப் போட்ட ஸ்பிரிங்

யட்டவத்த,
திங்கட்கிழமை.

அன்புள்ள மைத்துனர் றெக்சனுக்கு,

உன் அக்காள் புருஷன் ஹெர்பர்ட் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா சவரியம்மாவும் மகள் ஷெரோமியும் ஆண்டவர் கிருபையால் நலம். நம் கெப் வண்டி அதைவிட நலம். கலேவெலயில் நீயும் ஷிரானியும் உன் கராஜும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நான்கு சொல்வாய். இருபத்தாறு வருடம் தோட்டத்து ஒபிசில் கிளாக்கராக இருந்தவன் நான். எழுத்தில் என்னை யாரும் மறித்துப் பேசியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடத் திருவிழாச் சுற்றுப்பிரகாரம் உனக்கு நினைவிருக்கும். நம் கெப்பின் பின்தட்டில் ஏறும்போது புனித செபஸ்தியார் சொரூபத்தின் உடம்பில் தைத்திருந்தது ஐந்து அம்பு. மேல்தோட்டத்து ரோட்டைச் சுற்றி இறங்கியபோது மூன்று. விழுந்த இரண்டையும் உன் அக்காதான் தேடிப் பொறுக்கி வந்து பத்திரமாக வைத்திருக்கிறாள். இந்த வருடம் பங்குத்தந்தை ஃபாதர் ஜெஸ்டின் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஹெர்பர்ட், வண்டி குலுங்காம ஓடுறத ஒரு தடவ எனக்குக் காட்டுங்க. இல்லாட்டி ட்ரக்டர்தான்." ஷெரோமி டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் வருடா வருடம் புனிதரை நம் வண்டியில்தான் ஏற்றுவோம் என்று நேர்ந்தவள் உன் அக்கா. ட்ரக்டர் என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நான் கையைக் கட்டிக்கொண்டிருப்பேனா?

நீ சொன்ன யோசனையும் ஞாபகம் இருக்கிறது. "மச்சான், ஸ்பிரிங்குல கைய வைக்காதீங்க. தேஞ்ச ஷொக் அப்சோபர் ரெண்டயும் றப்பர் புஷ்ஷையும் மாத்துனாப் போதும்" என்றாய். புனிதர் காரியத்துக்கு றப்பர் துண்டா? நேராக மாத்தளைக்குப் போனேன். வண்டிச் சாமான் கடையில் றினோஸ் என்ற தம்பி மூன்று வகை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் காட்டினார். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு. ஒன்று நடுத்தரப் பாரத்துக்கு. மூன்றாவது காடு மலை ஓடுகிறவர்களுக்கு, வண்டியையே இரண்டு அங்குலம் தூக்கிவிடும். "என்ன சேர் ஏத்துவீங்க?" என்றார். "செபஸ்தியாரை" என்றேன். "அவர் எவ்வளவு பாரம்?" என்றார். "அளக்க முடியாதவர் தம்பி" என்றேன். மறுபேச்சில்லாமல் மூன்றாவதை எடுத்து வைத்தார். பழைய ஸ்பிரிங்கை அன்றே இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன். பின்வாங்கிப் பழக்கமில்லை.

நேற்றுப் பூசை முடிந்ததும் ஃபாதருக்கு ஓட்டிக் காட்டினேன். சொரூபத்தின் எடைக்குச் சரியாக இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்றைப் பின்னால் நிமிர்த்திக் கட்டினேன். அம்பு நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டுமே, அதற்காக உடைந்த குடையின் கம்பி ஐந்தை மூட்டையில் குத்தினேன். இதெல்லாம் உன் கராஜில் யாருக்குத் தோன்றும்? உன் அக்கா முன் சீட்டில் ஏற ஒரு ஸ்டூல் தேவைப்பட்டது, மற்றபடி வண்டிக்கு என்ன கம்பீரம்! முதல் குழியில் வண்டி லேசாகத் துள்ளியது, இரண்டாவது குழியில் உன் அக்காவின் தலை கூரையில் இடித்து "இயேசுவே" என்றாள், நான் அதைச் செபம் என்று எடுத்துக்கொண்டு மிதித்தேன், மூன்றாவது குழியில் கம்பி ஐந்தும் பறந்ததை நான் கண்ணாடியில் காணவில்லை, கண்ணாடியே ஆடிக்கொண்டிருந்தால் எப்படிக் காண்பது, கம்பி போன ஓட்டைகளில் அரிசி கொட்டிக்கொண்டே வர, லயத்து வீட்டுக் கோழிகள் அத்தனையும் வண்டிக்குப் பின்னாலேயே வரிசையாகக் கோயில் வாசல்வரை வந்துவிட்டன. ஃபாதர் கோழிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சுற்றுப்பிரகாரம் முடிஞ்சிருச்சா, ஹெர்பர்ட்?" என்றார்.

குறை ஸ்பிரிங்கில் இல்லை, மச்சான். ஒரு தொன் தாங்கும் ஸ்பிரிங்குக்கு ஒரு மூட்டை அரிசி எப்படி உறைக்கும்? பாரத்தைக் கூட்டினால் பஞ்சு மெத்தைதான். ஆகவே சொரூபத்தைச் சுற்றி உன் அக்கா உட்படப் பாடகர் குழுப் பெண்கள் பன்னிரண்டு பேரை ஏற்றத் தீர்மானித்திருக்கிறேன். ஆட்களையும் கொஞ்சம் உடம்பு பார்த்துத்தான் தெரிவு செய்தேன். "நாங்க என்ன மணல் மூட்டையா?" என்று உன் அக்கா கேட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை, ஆகவே எதிர்ப்பும் இல்லை.

வரும் ஞாயிறு திருவிழாவுக்கு நீயே வந்து பார், யார் சொன்னது சரி என்று. ஷிரானிக்கு என் அன்பு. உன் கைக்கும் ஸ்பானருக்கும் செபஸ்தியார் துணை நிற்பாராக.

இப்படிக்கு,
உன் மச்சான்
ஹெர்பர்ட்

பி.கு.: பழைய ஸ்பிரிங் இரும்புக்காரனிடம் போகவில்லை. விறகுக் கொட்டிலில் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறது, உன் அக்காவுக்குக்கூடத் தெரியாது. இன்று காலை அவள் அந்த இரண்டு அம்புகளையும் மடியில் வைத்துக்கொண்டு செபமாலை சொன்னாள். பிள்ளைக்காக அவள் நேர்ந்ததை நானே கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, றெக்சன். வெள்ளிக்கிழமையே வந்துவிடு. வண்டியைத் தூக்கும் ஜக்கும் இரண்டு ஷொக்கும் நீ சொன்ன அந்த றப்பர் துண்டுகளும் கொண்டு வா. யாரும் கேட்டால் அக்காவைப் பார்க்க வந்ததாகச் சொல். ஃபாதரிடமும் பேசிவிட்டேன். நீ ஓட்டினால் ட்ரக்டர் வேண்டாமாம். நான் பின்னால் நின்று, வழி முழுக்க அம்பு எண்ணிக்கொண்டு வர வேண்டுமாம்.