காதுக்குள் உட்கார்ந்திருந்த வெள்ளை

"இனிமே இந்த வீட்டுல ஆஸ்பத்திரிங்கிற பேச்சே வரக்கூடாது!" என்று ஆவுடையப்பன் உத்தரவு போட்டது செவ்வாய்க்கிழமை.

அவர் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் தரம் பார்க்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிட்டிகைப் பஞ்சை இழுத்துப் பார்த்தே இது மேலநீலிதநல்லூர், இது இளையரசனேந்தல் என்று விளைந்த ஊரைச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட விரலுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரிந்துவிடப் போகிறது?

பேச்சு வந்தது எட்டு மாதக் குழந்தை வள்ளித்தாயால். ஒரு வாரமாய்ச் சளி. இப்போது ராப்பகலாய் அழுகை.

"காதைப் பிச்சுக்கிட்டே அழுதா. காய்ச்சல் வேற. காதுல சீழ் வாடை வருது," என்றாள் மனைவி முப்பிடாதி. "சளிதான் காதுக்குள்ள இறங்கும்னு நான் படிச்ச கான்வென்ட்டுல சொல்லிக் குடுத்திருக்காங்க. காதுக்குப் பின்னால வீங்கிட்டா ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாதாம்."

"பல்லு முளைக்குதுட்டி. கோயில் புத்துமண்ணைப் பூசு. போதும்."

பூசினாள். அழுகை நிற்கவில்லை. புதன்கிழமை ராத்திரி ஆவுடையப்பன் மட்டும் எப்படியோ அசந்து தூங்கிவிட்டார்.

வியாழன் உச்சிவேளை. சாப்பாட்டுக்கு வீட்டை நோக்கி நடந்தார். வெயிலில் தெருவே செத்துக் கிடந்தது. ஒரு காக்கை கூட இல்லை. பின்னால் யாரோ வந்தார்கள்.

தொம். தொம்.

நின்றார். அதுவும் நின்றது. திரும்பினார். வெறும் புழுதி, அதில் அவருடைய காலடி மட்டும். மறுபடி நடந்தார். தொம், தொம். இப்போது பின்னால் இல்லை. வலது காதுக்குள்ளே.

"முருகா!" என்றார். கிணற்றுக்குள் நின்று சொல்வது போல உள்ளேயிருந்தும் ஒருத்தன் "முருகா!" என்றான்.

வீட்டுக்கு எப்படி வந்தார் என்பது அவருக்கே தெரியாது.

"ஏட்டி, எனக்குள்ள ஒருத்தன் நடக்கான்!"

முப்பிடாதி குழந்தையைத் தோளில் போட்டபடி கேட்டாள். "நீங்க நின்னா?"

"அவனும் நிக்கான்."

"சாப்பிட்டா?"

ஒரு வாய் போட்டு மென்றார். முகம் வெளிறியது. "அவனும் மெல்லுதான்!"

அவர் தலையை வெளிச்சத்தின் பக்கம் சாய்த்துக் காதுக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்னட்டி தெரியுது?"

"வெள்ளையா ஒண்ணு குத்தவச்சு உக்காந்திருக்கு."

"அசையுதா?"

"நீங்க நடுங்குதப்ப அதுவும் நடுங்குது."

"எடுத்துருட்டி!"

"என்னால ஆவாது. நான் தொட்டா இன்னும் உள்ளே போயிரும். லேடி டாக்டர் கிட்ட ஆயுதம் இருக்கு. ஆனா ஆஸ்பத்திரிப் பேச்சே கூடாதுன்னு சொன்னியளே?"

"அது செவ்வாய்க்கிழமை!" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். வாசல் வரை போனவர், ஆளற்ற தெருவைப் பார்த்துத் திரும்பி வந்தார். "தனியா போமாட்டேன். நீயும் வா. பிள்ளையையும் தூக்கு."

தூக்கித் தயாராகத்தான் நின்றாள்.

ஆஸ்பத்திரியில், "முதல்ல எனக்கு!" என்று முன்னால் பாய்ந்தவரை லேடி டாக்டர் ஞானபூரணம் ஒரு கையால் ஒதுக்கிவிட்டுக் குழந்தையை வாங்கினார். காது மடல் முன்னால் தள்ளி நின்றது. பின்னால் சிவந்த வீக்கம். டாக்டரின் முகத்தில் சிரிப்பில்லை.

"இன்னிக்கே கொண்டுவந்தியளே, பிழைச்சா. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா எலும்பை அரிச்சு மூளைக்குப் போயிருக்கும்."

பென்சிலின் ஊசி ஏறியது. பிறகு ஆவுடையப்பனின் முறை. இடுக்கி உள்ளே போனது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். உள்ளே இருந்தவன் சரசரவென்று ஊர்ந்தான், நழுவினான், போனான். சட்டென்று உலகம் முழுவதும் காதில் வந்து விழுந்தது. முதலில் விழுந்தது வள்ளித்தாயின் அழுகை.

புதன்கிழமை ராத்திரி அந்த அழுகை கேட்கக் கூடாதென்று இரண்டு காதிலும் தானே திரித்துச் செருகியதும், காலையில் ஒன்றை மட்டும் எடுத்ததும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

மூடிய கண்ணைத் திறக்கத் துணிவில்லை. உள்ளங்கையில் மெத்தென்று என்னவோ வந்து விழுந்தது.

"கண்ணைத் திறக்க வேண்டாம்," என்றாள் முப்பிடாதி. "தடவிப் பாத்தே சொல்லுங்க, எந்த ஊர்ப் பஞ்சு?"