சவப்பெட்டிப் பயனரின் தேவைகள்

படுக்கப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே மனித இனம் இத்தனை காலமும் சவப்பெட்டி செய்து வந்திருக்கிறது. நாகரிகத்துக்கே தலைகுனிவான இந்தக் குறையைத் துடைத்தெறிந்த பெருமை, பெட்டிகளுக்கு மெருகேற்றும் பாலிஷ்காரர் ஒருவர் வேலை பார்த்த கம்பெனியையே சேரும். பெட்டியை வாங்குகிறவர் வேறு, அதில் படுக்கிறவர் வேறு என்ற மாபெரும் உண்மையை அந்தக் கம்பெனி ஒருநாள் காலையில் பிஸ்கட் தின்றுகொண்டே கண்டறிந்தது.

கண்டறிந்து சொன்னவர் ஓர் ஆலோசகர் அம்மையார். கண்ணாடிச் சுவர் முழுக்க வண்ணச் சீட்டுகளை ஒட்டிவிட்டு, "படுக்கறவர்தான் நம்ம யூசர். அவருக்கு என்ன தேவைன்னு என்னிக்காவது கேட்டிருக்கோமா?" என்றார்.

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவிங்க நாங்க, ஒரு தடவகூடக் கேட்டதில்ல மேடம்!"

இந்தத் தத்துவமெல்லாம் பாலிஷ்காரருக்கு வேண்டாம். அவருக்கு வேண்டியது பாலிஷ் அறைச் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஈரப் பாலிஷில் தூசி ஒட்டிக்கொள்ளும் என்று அந்த அறையின் ஒரே ஜன்னலை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். உப்புத்தாளில் தேய்த்த மரத்தூளும் தின்னர் நெடியும் அவர் நெஞ்சில் குடியேறிக் காலி செய்ய மறுத்தன. "வேலைய மாத்துங்க, இல்லேன்னா காத்த மாத்துங்க. ரெண்டும் முடியலேன்னா என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஃபேன் கேட்டுக் கேட்டுப் பாலிஷ்காரருக்கு வாய் வலித்தது. மேனேஜரின் காது மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

பயனர்களை நேரில் வரவழைத்துக் கருத்துக் கேட்பதில் சில "நடைமுறைச் சிக்கல்கள்" எழுந்தன. எனவே உயிரோடு இருப்பவர் ஒருவரைத் தற்காலிகப் பயனராக நியமிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. ஏகமனதானவர்கள் யாரும் படுக்க முன்வரவில்லை.

"யோவ் பாலிஷ், ஏறிப் படு" என்றார் மேனேஜர்.

பெட்டிக்குள் விரிக்கும் சாட்டின் துணியைத் தைப்பவள் பாலிஷ்காரரின் மனைவி. சேதி தெரிந்து ஊசியும் கையுமாக ஓடி வந்தாள். "ஏங்க, புத்தி கெட்டுப்போச்சா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், நீங்க அதுல போய்ப் படுக்கறீங்களே!"

"சும்மா இரு. யூசர் எதக் கேட்டாலும் செஞ்சு குடுப்பாங்களாம். அந்தம்மா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. நம்ம ஃபேனக் கேட்டு வாங்கிடறேன்."

"நின்னு கேட்டா விழாதது, படுத்துக் கேட்டா மட்டும் அவங்க காதுல விழுந்துடுமா?"

விழுந்தது. பாலிஷ்காரரின் முதுகு சாட்டினில் பட்டதுமே மேனேஜரின் குரல் குழைந்தது. "சார், தலையணை சௌகரியமா இருக்குங்களா?"

அந்தக் கட்டடத்தில் பாலிஷ்காரர் "சார்" ஆனது அதுதான் முதல்முறை. "எம் பொண்டாட்டி தச்சது, நல்லாத்தான் இருக்கு. கால நீட்டிப் படுக்க முடியுது. வீட்டுல இந்த வசதி இல்ல."

அம்மையார் உருகிப்போனார். "வேற என்ன தேவை சார்? மனசு விட்டுச் சொல்லுங்க."

"காத்து இல்லம்மா. மூச்சு முட்டுது. ஒரு ஃபேன் வேணும்."

கூட்டம் கை தட்டியது. பாலிஷ்காரர் பதறி எழுந்து உட்கார்ந்தார். "ஐயோ, பெட்டியில இல்லம்மா! பாலிஷ் ரூம்ல!"

"பெட்டிக்கு வெளியில நடக்கறது நம்ம ஆய்வு வரம்புக்குள்ள வராது சார். அதுவுமில்லாம, எழுந்துட்டா நீங்க யூசர் இல்ல."

பாலிஷ்காரர் மறுபடி படுத்தார். "ஃபேனு வேணும்மா. ரூமுக்கு."

"பாருங்க, ரெண்டாவது தடவையும் அதையே கேக்கறார்" என்று அம்மையார் மேனேஜர் பக்கம் திரும்பினார். "எவ்வளவு ஆழமான தேவை!"

தேவை மின்னல் வேகத்தில் நிறைவேறியது. பெட்டியின் தலைமாட்டில், பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேன். உறங்குபவருக்குத் தொந்தரவு ஆகிவிடக் கூடாதே என்று சத்தமே வராமல் செய்திருந்தார்கள். அறிமுக விழாவில் வாடிக்கையாளர் ஒருவர் தேம்பியே விட்டார். "எங்கப்பாவுக்குப் புழுக்கமே ஆகாதுங்க. உயிரோட இருந்தவரைக்கும் நாங்க ஒரு ஃபேன் வாங்கித் தரல." ஆர்டர் குவிந்தது. ஆர்டர் குவிந்ததால் பாலிஷ் அறையில் பெட்டி குவிந்தது. நடுவே பாலிஷ்காரர் நிற்கத்தான் இடமிருந்தது, இருமத் திரும்புவதற்கு இல்லை.

ஒரு மத்தியானம் இருமல் பிடித்த பிடியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தடவித் தடவிப் பக்கத்துப் பெட்டியின் ஃபேனைப் போட்டு, அதற்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். உயிர் திரும்பி வந்தது. கூடவே மேனேஜரும் வந்தார்.

"யோவ்! அது யூசருக்கு வெச்ச ஃபேன்யா! செத்தவன் காத்தத் திருடறியே, வெக்கமா இல்ல?"

"கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன் சார்."

"பேட்டரி தீந்துபோனா உள்ள படுக்கறவருக்கு நீயா பதில் சொல்லுவ?"

பாலிஷ்காரர் ஃபேனை நிறுத்தினார். "நானும் யூசர் ஆகணும்னா என்ன சார் பண்ணணும்?"

மேனேஜரின் கோபம் தணிந்தது. ஊழியர் முன்னேற்றத்தில் அவருக்கு எப்போதுமே தனி அக்கறை. தோளில் தட்டிக் கொடுத்தார்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்யா. இதே ரூம்ல, இதே வேலையப் பாத்துக்கிட்டு இரு. மத்ததக் கம்பெனி பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு, தூசி உள்ளே வராமல் கதவை இறுக்கிச் சாத்தினார்.