பதினோரு சிவப்பு

“சிவப்பு வேணும்னு சொல்றே. சரி. எந்தச் சிவப்பு?”

“கண்ணுக்குத் தெரியற சிவப்பு.”

“இப்படிப் பொத்தாம்பொதுவா சொன்னா எப்படி? ஏம்மா, ‘பயனாளி தெளிவான பதில் தரவில்லை’ன்னு எழுதிக்கோ.”

மருமகள் எழுதிக்கொண்டாள்.

உலகத்தில் தோட்டம் போட்டவர்கள் கோடிப் பேர். தோட்டத்தை முறையாகத் திட்டமிட்டவர் ஒருவர்தான். நகர அமைப்பு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ‘பயனாளி’ அவருடைய மனைவி. இடுப்பெலும்பு முறிந்து பின்னறையில் கிடந்தாள். குளிர்காலம் முடியும்வரை எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலிலிருந்து தெரிந்த உலகம் ஒரே ஒரு ஜன்னல். அதற்கு வெளியே பழுப்பு மண், பழுப்பு வேலி, பழுப்புப் புல்.

“மூணு மாசம் இதையே பாத்துட்டுக் கிடக்கணும். சிவப்பா ஏதாவது ஒண்ணு வச்சுக் குடுங்களேன்” என்றுதான் கேட்டாள், இலைகள் உதிரத் தொடங்கிய அன்று.

சாதாரணக் கணவனாக இருந்தால் இந்தக் கோரிக்கையை ஒரு மண்வெட்டியால் கொச்சைப்படுத்தியிருப்பான். இவர் குழு அமைத்தார். தலைவர் அவர். செயலாளர் மருமகள். உறுப்பினர் மகன், செல்போனைப் பார்த்தபடியே எல்லாத் தீர்மானத்தையும் தலையாட்டி நிறைவேற்றினான்.

முதல் கூட்டத்தில் நிறங்கள். இரண்டாவதில் உயரங்கள். மூன்றாவதில் ‘பூக்காத பருவத்தில் பட்டை, காய், காய்ந்த விதைத்தலை ஆகியவற்றின் பங்கு’ பற்றி அவரே பேசி, அவரே நன்றியும் கூறினார். நான்காவது கூட்டம், மூன்றாவதில் பிஸ்கட் போதவில்லை என்ற புகாரை விசாரித்தது.

“மாமா, முதல்ல ஒரு செடிய வாங்கி வச்சிடலாமே” என்றாள் மருமகள்.

“எங்கே வைப்பே?”

“ஜன்னலுக்கு எதிர்ல.”

“வரைபடத்துல அந்த இடம் இன்னும் வெள்ளையா இருக்கேம்மா. வெள்ளையில போய் எப்படி வைக்கறது?”

மகன் தலையாட்டினான்.

பனி கொட்டத் தொடங்கியது. வரைபடம் ஏழாவது தாளை எட்டியது. அதுவரை அந்த வீட்டில் விழுந்த ஒரே சிவப்பு, அவர் சீவிய வண்ணப் பென்சில்களின் தூள்.

ஒரு வியாழக்கிழமை, வேலையிலிருந்து திரும்பிய மருமகள் இடுப்பில் ஒரு தொட்டியோடு வந்தாள். செடி முழுக்கக் கொத்துக்கொத்தாகச் சிவந்த காய்கள். யாரிடமும் சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டாள். மறுநாள் காலை ஒரு குருவி வந்து காயைக் கொத்தி, பிடிக்காமல் துப்பி, மறுபடியும் கொத்தியது. பயனாளி சிரித்தாள். இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

அன்றே திட்டமும் ‘நிறைவேறியது’. அவருடைய அலுவலகத்தில் ஒரு திட்டம் நிறைவேறியது என்றால் வரைபடம் சுவரில் ஏறிவிட்டது என்று பொருள். செடி நடுவது வேறு துறை. அப்படி அவர் நகரத்துக்குத் தந்த பூங்காக்கள் மட்டும் பதினான்கு.

நான்கடி அகலத் தாள். பின்னறையில் அதைத் தாங்க இருந்தவை, திரைக்காக ஜன்னலுக்கு மேல் அடித்த இரண்டு ஆணிகள்தாம். ஸ்டூலில் ஏறினார். வெளியே ஏதோ சிவப்பாக இருப்பதைக் கவனித்தார். வரைபடத்தில் அது இல்லாததால் பொருட்படுத்தவில்லை. மாட்டினார்.

அறை இருண்டது.

“பாரு! பதினோரு சிவப்பு!” அவருக்குக் கண் கலங்கியது. மகன் கை தட்டினான். மருமகள் குறிப்பேட்டை மூடினாள். தாளுக்குப் பின்னால் குருவி கத்தியது.

“ரொம்ப அழகா இருக்குங்க” என்றாள் மனைவி. “ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?”

“தாராளமா கேளு. பயனாளி கருத்தையும் பதிவு பண்ணணும்.”

“அதைக் கொஞ்சம் நகத்துங்களேன். பின்னால தோட்டம் இருக்கு.”