எங்கள் தெருவே செங்கல்

திண்டுக்கல்லில் நல்லவர்களையும் பார்த்திருக்கிறேன், வல்லவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எதிரே வருகிறார் என்று தெரிந்ததும் ஊரே சந்துக்குள் புகுந்து ஓடிய ஒரே மனிதர் செங்கல் டாக்டர்தான். அடிதடிக்காரர் அல்ல. ஒல்லி உடம்பு, பழைய மொபெட், தோளில் ஒரு ஜோல்னாப் பை. அந்தப் பையைப் பார்த்துத்தான் ஓட்டம். அதற்குள் கழுவிக் காயவைத்த பென்சிலின் பாட்டில்கள் கிணுகிணுவென்று கிடக்கும். ஒன்றை எடுத்து நம் கையில் திணித்து, "செத்த அந்தப் பக்கம் ஒதுங்கி, இதுல கொஞ்சம் பிடிச்சுட்டு வாங்க" என்பார். கறிக்கடை வாசலோ கல்யாண மண்டபமோ, அவருக்கு எல்லா இடமும் ஒன்றுதான்.

எண்பதுகளில் எங்கள் பக்கம் சர்க்கரை வியாதி என்றால் காரில் போகிறவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைப்பு. சிலர் தங்களுக்கு வந்திருப்பதைக் கொஞ்சம் மிதப்பாகவே சொல்லிக்கொள்வார்கள். டாக்டர் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. தறி நெய்கிறவருக்கும் இருக்கிறது, தக்காளி பறிக்கிறவருக்கும் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. அதை நிரூபித்துக் கட்டுரை எழுதி, மதுரையில் பெரிய டாக்டர்கள் கூடுகிற சபையில் வாசித்துவிட வேண்டும் என்று தலைகீழாக நின்றார். நாகல் நகரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தார். வருகிற நோயாளிகளை விட வராத நோயாளிகள் மேல்தான் அவருக்குப் பிரியம்.

பெயர்க் காரணம் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஒரு நீல மருந்தில் சில சொட்டு சிறுநீரை விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார்கள். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால், அளவு ஏற ஏற, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்க் கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து சேரும். செங்கலைக் கண்டுவிட்டால் மனிதருக்குத் தலைகால் புரியாது. "செங்கல்! செங்கல்!" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடி வருவார். நோயாளி நடுங்கிப் போவான். அப்புறம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து தைரியம் சொல்வதும் அவரேதான். தெருவில் வணக்கம் வைத்தால் பதில் வணக்கம் வராது. "என்ன நிறம்?" என்றுதான் கேட்பார்.

எனக்கு எப்படிப் பழக்கம் என்றால், நான் அப்போது நாகல் நகரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மாஸ்டர். அவர் ஆராய்ச்சியை எல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிற பாவம் என் தலையில் விழுந்திருந்தது.

ஒருமுறை அவருடன் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஆண்கள் ஒதுங்குகிற மதில் ஓரமாகப் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், மூக்கைப் பொத்திக்கொண்டு, குனிந்து தரையில் எறும்பு தேடிக்கொண்டிருக்கிறார். சர்க்கரை உள்ள சிறுநீரை எறும்பு மொய்க்கும் என்பது அவர் கணக்கு. ஓரிடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. அவ்வளவுதான், பஸ் ஸ்டாண்டு அதிரக் கத்தினார்.

"ஏப்பா, இங்கன கடைசியா ஒண்ணுக்கு இருந்தது யாரு? ஓடாதீகப்பா, ஒங்க நல்லதுக்குத்தான் கேக்குறேன்!"

ஒரு கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏண்ணே, இவரைத் தனியாவா கூட்டிட்டு வந்தீக?"

சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனது இன்னொரு கூத்து. வெறும் வயிற்றில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்துச் சோதிக்க வேண்டும். முதல் நாள் பத்துப் பேர்கூட வரவில்லை. குடித்தவர்கள் ருசியைப் பற்றி ஊருக்குள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, சொந்தபந்தங்களோடு செம்பும் குவளையுமாக வந்து நின்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிதான் டாக்டரு. தொட்டுக்க ஒரு முறுக்கு வச்சிருந்தா அம்சமா இருக்கும்."

இத்தனைக்கும் மனிதர் தானே ஒரு இனிப்புப் பைத்தியம். பாயசம் என்றால் உயிர். கல்யாணப் பந்தியில் யார் எத்தனை தரம் பாயசம் வாங்குகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்து முறைப்பார். தன் இலையில் மட்டும் குளம் கட்டிக்கொள்வார். பிறகு மண்டபத்துக்குப் பின்னால் போய்த் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, கண்ணாடிக் குழாயை உயர்த்திப் பிடித்தபடி வருவார். "நீலம்!" என்று அறிவித்துவிட்டு அடுத்த பந்தியில் உட்கார்ந்துவிடுவார்.

இப்படிப்பட்டவர் கண்ணில் எங்கள் தெரு பட்டது. பெண்களுக்கு எந்த அளவு இருக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை, மதுரைக் கட்டுரைக்கு அதுதான் விஷயம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பையோடு வந்து இறங்கினார். பெயர் எழுதி ஒட்டிய பாட்டில்களைக் கண்டதும் பெண்கள் பூராவும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "அடக் கர்மமே! ஆம்பள ஆளுகிட்ட இதையெல்லாம் எப்படிக்கா நீட்டுறது?" என்று ஜன்னலுக்கு ஜன்னல் பேச்சு. டாக்டர் நடுத்தெருவில் பரிதாபமாக நின்றார்.

எங்கள் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. யாராவது முகம் வாடி நின்றால் அம்மாவால் பொறுக்க முடியாது. "பையை இங்கிட்டு குடுங்க தம்பி. காலைல வாங்க. அம்புட்டு பாட்டிலும் வந்துரும், நானாச்சு" என்றார்.

சொன்னபடி மறுநாள் காலையில் எல்லாப் பாட்டில்களும் ஒரு முறத்தில் அடுக்கி, மேலே வாழை இலை போட்டு மூடி, சீர்வரிசை மாதிரி போய்ச் சேர்ந்தன.

மத்தியானம் எங்கள் தெருமுனையில் மொபெட் சத்தம். டாக்டர் ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டு வருகிறார்.

"செங்கல்! எல்லாமே செங்கல்! மாஸ்டர், ஒங்க தெருவே செங்கல்! உலகத்துல இப்படி ஒரு தெரு கெடையாது!"

அவர் சந்தோஷம் அவருக்கு. என் தங்கை சாந்திக்கு வத்தலக்குண்டில் ஒரு வாழைக்காய் மண்டிக்காரர் மகனோடு சம்பந்தம் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி, மண்டபம் வரை பார்த்து வைத்திருந்தோம். அப்பா போன பிறகு நானும் அம்மாவுமாக நாய்படாத பாடுபட்டுக் கொண்டுவந்த இடம். மாப்பிள்ளையை சாந்திக்கும் பிடித்திருந்தது. நாகல் நகரில் கத்தினால் வத்தலக்குண்டுக்குக் கேட்க எத்தனை நேரமாகும்? சேதி அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டது. தரகர் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "கொஞ்ச நாளு போகட்டும்னு சொல்றாக" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று பெண் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா, "அந்தாளு மருந்து கெட்டுப் போச்சுடா. கட்டையில போற மருந்து" என்று திட்டிக்கொண்டே இருந்தார். சாந்தி மூலையில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போனதும் தேம்பிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, எனக்கு எப்பண்ணே சோதிச்சாக? நான் அந்தப் பாட்டிலையே தொடலையே!"

நான் சட்டையைக்கூட மாட்டாமல் துண்டோடு கிளினிக்குக்கு ஓடினேன். கழுத்தைப் பிடிப்பது என்றுதான் போனேன். உள்ளே டாக்டர் குழாய்களை எல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துவிட்டு, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், இதைப் பாருங்க. ஆளுக்கு ஆள் கொஞ்சமாச்சும் நிறம் மாறணும்ல? எல்லாம் ஒரே சூளைல வெந்த மாதிரி இருக்கே!"

"என் தங்கச்சி பாட்டிலையே தொடலையாம்!" என்று கத்தினேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். குழாய்களைப் பார்த்தார். நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு, விளக்கு மருந்து சகிதம் என் வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

நர்ஸம்மா சாந்தியை உள்ளே கூட்டிப்போய்ப் பாட்டிலோடு வந்தார். எங்கள் கூடத்தில் விளக்கு எரிந்தது. குழாய்க்குள் மருந்து கொதித்தது. நான் இல்லாத சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டேன். நீலம். கொதித்தும் நீலம், ஆறியும் நீலம். "நீலம்!" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் செங்கலுக்குப் போட்ட சத்தமெல்லாம் ஒன்றுமே இல்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு டாக்டர் அம்மா பக்கம் ஒரு பாட்டிலை நீட்டினார். அம்மா அதை வாங்கவே இல்லை.

"என்னைய விடுங்க தம்பி. நாந்தான் அன்னைக்கே அம்புட்டு பாட்டிலுக்கும் குடுத்துட்டேனே!"

டாக்டர் நீட்டிய பாட்டிலைக் கீழே வைத்தார்.

"அம்புட்டுமா?"

"பின்ன? அவளுக பூராம் வெக்கப்பட்டுக்கிட்டு நின்னாளுக. கல்யாணம் நிச்சயமான புள்ளைகிட்ட இதைப் போயிக் கேக்க முடியுமா? எனக்குத்தான் எப்பப் பாத்தாலும் வந்துக்கிட்டே இருக்கே, நானே குடுத்துட்டேன். யாருதா இருந்தா என்ன, ஒங்களுக்குப் பாட்டில் நெறஞ்சாச் சரிதானே?"

மதுரைக் கட்டுரை அங்கேயே செத்தது. நானே டைப் அடித்துவைத்த தலைப்பு அவர் பையில் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் எங்கள் அம்மாவைக் கடித்துக் குதறியிருப்பார்கள். அவர் தரையில் அம்மா பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பப் பாத்தாலும் வருதாம்மா? தாகம் எடுக்குமே?"

"ஆமா தம்பி, கொடத்தைக் கவுத்துக் குடிச்சாலும் அடங்க மாட்டேங்குது."

"காலு எரியுமா?"

"இவன்கிட்டச் சொன்னா பயப்படுவான்னு சொல்லல" என்று அம்மா என்னைக் காட்டினார். "மகராசி, நல்லவேளை ஒங்களைக் கண்டுபிடிச்சேன்" என்றார் டாக்டர். அத்தனை செங்கலும் அம்மாவுடையது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணுக்கும் காலுக்கும் ஒன்றும் ஆகவில்லை, மாத்திரையிலும் சாப்பாட்டிலும் கட்டுப்படுத்திவிடலாம் என்று அவர் சோதித்துச் சொன்ன பிறகே மூச்சு வந்தது.

மறுநாள் அவரே என்னை இழுத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறினார். மண்டிக்காரரிடம் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்க. சுத்த நீலம். பாட்டிலை நேர்ல நின்னு வாங்காதது என் தப்பு. தெருவெல்லாம் கத்துனதும் என் தப்பு."

மண்டிக்காரர் லேசில் மசிகிற ஆள் இல்லை. மீசையைத் தடவிக்கொண்டு, "பொண்ணுக்கு இல்ல, சரி. அந்த வீட்டுல வேற யாருக்கும்..." என்று இழுத்தார். நான் டாக்டரைப் பார்த்தேன்.

டாக்டர் பையைத் திறந்தார். "அது கெடக்கட்டும். மொதல்ல ஒங்களுக்குப் பாத்துருவோம். செத்த அந்தப் பக்கம் போயிட்டு வாங்க."

வாசலில் கூடிவிட்ட சொந்தக்காரர்கள் முன்னால் மாட்டேன் என்று சொல்ல மீசை இடம் கொடுக்கவில்லை. போய்விட்டு வந்தார். அவர் வீட்டு வாசலிலேயே விளக்கு எரிந்தது. பச்சை. மஞ்சள். அங்கிருந்து நகர்ந்து, நல்ல ஆரஞ்சில் போய் நின்றது. மண்டிக்காரர் குழாயைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ள வீட்டுல இப்படின்னு பொண்ணு வீட்டுல ஒண்ணும் நெனைக்க மாட்டீகளே?" என்று சன்னமாகக் கேட்டார்.

குறித்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது.

மதுரை சபையில் டாக்டர் வேறு கட்டுரை வாசித்தார். வெட்கப்படுகிற ஊரில் எப்படிச் சோதனை எடுக்கக் கூடாது என்பதைத் தன்னையே உதாரணமாக வைத்து வாசித்தாராம். முறத்தில் வந்த பாட்டில்களின் கதையைக் கேட்டுக் கிழட்டு டாக்டர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார்கள். சிரிக்காமல் கேட்ட ஒரு பேராசிரியர் அவரைச் சென்னைக்குத் தன்னோடு வேலைக்கு அழைத்துக்கொண்டார். இன்று சர்க்கரை ஆராய்ச்சி என்றால் வெளிநாட்டுக்காரர்களே அவரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். எங்களுக்கு அவர் செங்கல் டாக்டர்தான்.

சாந்தி கல்யாணப் பந்தியில் அம்மாவுக்கும் மண்டிக்காரருக்கும் நடுவில் அவரை உட்காரவைத்தோம். பாயச வாளி வந்தது. அம்மா இலையைக் கையால் மூடிக்கொண்டார். மண்டிக்காரரும் பெருமூச்சு விட்டுக்கொண்டே மூடினார். வாளி டாக்டரிடம் வந்தபோது, முந்திரி மிதக்கிற அந்தப் பால் பாயசத்தை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, அவரும் தன் இலையை மூடினார்.

"என்ன தம்பி, ஒங்களுக்குத்தான் நீலமாச்சே! வாங்கிக்கங்க" என்றார் அம்மா.

"நீலந்தாம்மா" என்றார் அவர், இலையிலிருந்து கையை எடுக்காமலே. "நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருக்கையில எனக்கு எப்படிம்மா எறங்கும்?"